பசியும் கருவும் ஓரிடத்தில்: வாசகர் கேள்வி – பதில்

உடல் எடை, பசி, மகப்பேறு ஆகியவற்றைப் பற்றிய ஐயங்களை எழுதியனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வீட்டாருக்குத் தெரியாமல் எழுதப்பட்ட கடிதங்களும் இருப்பதால், எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

*

கேள்வி: டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். வயிறு காலியானால் பசி வருகிறது என்றுதான் நான் பணியில் இருந்தவரை மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். கல்லூரியில் படிக்கும் என் பேத்தியோ, "பசி மூளையில்தான் வருகிறது, தாத்தா" என்கிறாள். அப்படியானால், வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மாட்டுத்தாவணிப் பக்கம் போகும்போதும் பரோட்டாக் கடை வாசனைக்கு நாக்கில் நீர் ஊறுகிறதே, அது எதனால்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

பதில்: ஐயா, உங்கள் பேத்தி சொல்வது சரிதான், ஆனாலும் வயிற்றுக்கு அதில் பங்கு இல்லாமல் இல்லை. மூளையின் அடிப்பகுதியில், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி இருக்கிறது. அதன் அடித்தளத்தில் எதிரெதிர் வேலை செய்யும் இரண்டு வகை நரம்பணுக்கள் அருகருகே அமைந்திருக்கின்றன. ஒரு வகை, நியூரோபெப்டைடு ஒய், ஏஜிஆர்பி ஆகியவற்றைச் சுரந்து உண்ணத் தூண்டுகிறது. மற்றொரு வகை, ஆல்ஃபா எம்.எஸ்.எச். என்பதைச் சுரந்து உண்டது போதும் என்று நிறுத்துகிறது. இவை எல்லாமே நியூரோபெப்டைடுகள், அதாவது ஒரு நரம்பணு மற்றொரு நரம்பணுவுக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் சின்னஞ்சிறு புரதத் துண்டுகள்.

இவற்றுள் நியூரோபெப்டைடு ஒய் என்பதை 1982ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் தட்டெமோட்டோ, விக்டர் முட் ஆகிய இருவரும் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதில் இருப்பவை வெறும் 36 அமினோ அமிலங்கள். இரண்டே ஆண்டுகளில், அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சத்ய கல்ரா, புஷ்பா கல்ரா ஆகியோர் இருந்த குழு, அதை எலியின் மூளைக்குள் சிறிதளவு செலுத்தினால் அந்த எலி விடாமல் தின்னத் தொடங்குவதைக் கண்டது. வயிறு நிரம்பியிருந்தாலும் அந்த எலிகள் தின்றன. பின்னர் 2005இல், வளர்ந்த சுண்டெலிகளில் ஏஜிஆர்பி சுரக்கும் நரம்பணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தபோது, உணவு கண்முன்னே இருந்தும் அவை தின்ன மறுத்து மெலிந்தன. பசி எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை என்பது என் எண்ணம்.

இரைப்பை அந்த இடத்துக்குச் செய்தி அனுப்புகிறது. கிரெலின் என்னும் ஹார்மோன் இரைப்பைச் சுவரில் சுரந்து, இரத்தத்தின் வழியே ஹைப்போதலாமஸை அடைந்து பசியைத் தூண்டுவதை 1999இல் ஜப்பானின் கொஜிமாவும் கங்காவாவும் வெளிப்படுத்தினார்கள். ஆகவே, வயிறு காலியானால் பசி வருகிறது என்று நீங்கள் கற்பித்தது பாதி வழி வரைக்குமான உண்மை. செய்தி புறப்படும் இடத்தைச் சொல்லியிருக்கிறீர்கள்.

பரோட்டா வாசனைக்கு ஊறும் நாக்கு வேறு பாதையைச் சேர்ந்தது. தேவைக்காக வரும் பசியை ஹைப்போதலாமஸ் நடத்துகிறது. சுவையை நினைத்து வரும் விருப்பத்தை, டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் வேலை செய்யும் வேறு மூளைப் பகுதிகள் நடத்துகின்றன. வயிறு நிறைந்த பிறகும் இரண்டாவது மட்டும் விழித்துக்கொள்ள முடியும். இங்கே வியப்பான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும்: பசித்த சுண்டெலியின் கண்ணில் உணவு பட்ட சில நொடிகளிலேயே, ஒரு வாய்கூடத் தின்னும் முன்பே, பசி நரம்பணுக்களின் துடிப்பு இறங்கிவிடுவதை 2015இல் அளந்து பார்த்தார்கள். உணவு கிடைக்கப்போகிறது என்பதை மூளை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

*

கேள்வி: எனக்கு வயது 24. கல்யாணம் நிச்சயமானதும், "பட்டுச்சேலை எடுப்பாக இருக்க வேண்டாமா?" என்று சொல்லிச் சொல்லியே என்னை எடை குறைக்க வைத்தார்கள். காலையில் ஒரு டம்ளர் பால், மதியம் கொஞ்சம் சோறு, இரவில் ஒன்றும் இல்லை, அதோடு தினமும் தல்லாகுளம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓட்டம். நான்கு மாதத்தில் 57 கிலோவிலிருந்து 45 கிலோவுக்கு இறங்கிவிட்டேன். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அம்மா கோவில் கோவிலாக அழைத்துப் போகிறார். என் கர்ப்பப்பையில் ஏதாவது குறையா, டாக்டர் அம்மா?
— வாசகி, அனுப்பானடி

பதில்: இல்லை, மகளே. உன் கர்ப்பப்பையிலும் குறை இல்லை, சினைப்பையிலும் குறை இல்லை. உண்ணும் உணவு உடல் செலவுக்கே போதவில்லை என்று கண்ட மூளை, கருத்தரிக்கும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறது. இதை விரிவாகவே சொல்கிறேன். உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

மாதவிலக்குச் சுழற்சியின் தொடக்கம் கர்ப்பப்பையில் இல்லை. ஹைப்போதலாமஸில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரையான நரம்பணுக்களே ஜி.என்.ஆர்.எச். என்னும் நியூரோபெப்டைடைச் சுரக்கின்றன. 10 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட இந்தப் பொருளின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக ஷாலிக்கும் கிய்யமைனுக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. இது தொடர்ந்து சொட்டாமல், விட்டுவிட்டுத் துடிப்பாகச் சுரக்க வேண்டும். மாதச் சுழற்சியின் முதல் பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். ஹார்மோனை வெளியிடுகிறது, அதைக் கொண்டு சினைப்பை முட்டையை முதிரச் செய்கிறது. துடிப்பு தளர்ந்தால் முட்டை முதிராது, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறையும், விலக்கும் நின்றுபோகும்.

அந்தத் துடிப்பை யார் நடத்துவது என்பது நெடுங்காலம் தெளிவாகாமலே இருந்தது. 2003இல் பிரான்சிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள், வயதாகியும் பூப்பெய்தாத சிலரின் மரபணுவை ஆராய்ந்து, கிஸ்பெப்டின் என்னும் மற்றொரு நியூரோபெப்டைடின் செய்தியைப் பெறும் இடம் அவர்களிடம் பழுதாகியிருந்ததைக் கண்டன. ஜி.என்.ஆர்.எச். அணுக்களைத் தட்டியெழுப்புவது கிஸ்பெப்டின்தான் என்பது அதன் பின்னரே உறுதியானது.

இப்போது உணவுக்கு வருகிறேன். கொழுப்பணுக்கள் லெப்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994இல் இதைக் கண்டது. உடலில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை ஹைப்போதலாமஸுக்குத் தெரிவிப்பது லெப்டினின் வேலை. வைகை அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன் அணையின் நீர்மட்டத்தையும் பெரியாறு வழியாக வரும் வரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தானே முடிவெடுக்கிறார்கள்? அதுபோலவே ஹைப்போதலாமஸ், லெப்டின் வழியாக இருப்பையும், இன்சுலின், கிரெலின் ஆகியவற்றின் வழியாக அன்றாட வரத்தையும் பார்க்கிறது. கருவைச் சுமந்து பாலூட்டுவது ஓராண்டுக்கு மேல் நீளும் பெரிய செலவு. இருப்பும் வரத்தும் குறைந்திருக்கும்போது மதகு திறக்கப்படுவதில்லை.

உணவைக் குறைத்தால், கொழுப்பு கரைவதைக் காட்டிலும் வேகமாக லெப்டின் இறங்கிவிடுகிறது. அப்போது பசியைத் தூண்டும் நியூரோபெப்டைடு ஒய் ஏறுகிறது, கிஸ்பெப்டின் இறங்குகிறது. நியூரோபெப்டைடு ஒய் எலிகளுக்குப் பசியைத் தூண்டியதை மேலே சொன்னேன். அதையே பல நாள் இடைவிடாமல் மூளையில் செலுத்தினால் அந்த எலிகளின் இனப்பெருக்க ஹார்மோன்கள் சரிந்துவிடுகின்றன. பசியை ஏற்றிக் கருவுறுதலை இறக்கும் பொருள் ஒன்றே என்பதை நீ மனத்தில் கொள்ள வேண்டும். மாதவிலக்கு சரியாக வந்துகொண்டிருந்த இளம்பெண்களுக்கு உணவைக் கடுமையாகக் குறைத்து உடற்பயிற்சியும் கொடுத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில், ஐந்தே நாளில் எல்.எச். துடிப்பு குறைந்துபோயிற்று, நீயோ நான்கு மாதம் இருந்திருக்கிறாய். 2004இல், உன்னைப் போலவே விலக்கு நின்றுபோன சில பெண்களுக்கு லெப்டினை மட்டும் ஊசி மூலம் கொடுத்தபோது, உணவு மாறாமலேயே, அவர்களில் சிலருக்கு முட்டை முதிர்ந்தது. குறை சினைப்பையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

நம் பக்கத்து வரலாற்றிலும் இதன் தடம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையையும் விடவில்லை. அந்தப் பஞ்சத்தின்போது மாகாணத்தில் பிறப்புகள் வெகுவாகச் சரிந்ததைப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஊரைவிட்டுப் போனவர்கள், பிரிந்த தம்பதிகள் எனப் பல காரணங்கள் அதற்கு இருந்தாலும், பட்டினி கிடந்த உடல்கள் கருத்தரிக்கவில்லை என்பதும் அவற்றுள் ஒன்று.

இனி நீ செய்ய வேண்டியவை. முதலில், கர்ப்பம் இல்லை என்பதையும், தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) அளவுகள் சரியாக உள்ளன என்பதையும் இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள். அதன் பிறகு மருந்து சாப்பாடுதான்: மூன்று வேளை உணவு, இடையில் கடலையோ வாழைப்பழமோ, முட்டை அல்லது பருப்பு, ஓட்டத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தல். எடை திரும்பிய பிறகும் விலக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம், பயப்படாதே. மாத்திரை கொடுத்து விலக்கை வரவழைத்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மாத்திரையின் இரத்தப்போக்கு, மூளையின் துடிப்பு மீண்டதன் அடையாளம் அன்று. ஈஸ்ட்ரோஜன் குறைந்தபடியே நாள் கடந்தால் எலும்பு வலுவிழக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது. கோவிலுக்குப் போவதில் தவறில்லை. போகும்முன் சாப்பிட்டுவிட்டுப் போ. சேலைக்காக ஒரு பெண்ணைப் பட்டினி போட்ட உறவினர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது, அதை மறைக்கவில்லை.

*

கேள்வி: நாங்கள் பரம்பரையாகச் செம்மறி ஆடு மேய்க்கிறவர்கள். கோடையில் வற்றிப்போய்க் கிடக்கும் ஆடுகள், மழை பெய்து புல் தழைத்த கொஞ்ச நாளிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பருவத்துக்கு வருகின்றன. அந்த ஈற்றில் இரட்டைக் குட்டிகளும் கூடுதலாக இருக்கின்றன. மழைக்கும் சினைக்கும் என்ன தொடர்பு? இதுவும் நீங்கள் சொல்லும் மூளைச் சமாச்சாரம்தானா?
— ஆடு வளர்ப்பவர், உசிலம்பட்டி வட்டம்

பதில்: அதே சமாச்சாரம்தான். வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் அளந்து கண்டதை நீங்கள் மந்தையில் பார்த்திருக்கிறீர்கள். குளிர்நாட்டுச் செம்மறிகளுக்குப் பகல் நீளம்தான் பருவத்தைத் தீர்மானிக்கிறது. பகல் குறையும் இலையுதிர்காலத்தில்தான் அவை கிடாயைச் சேரும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகலின் அளவு பெரிதாக மாறாததால், தீவனமே முன்னிற்கிறது. மெலிந்த பெட்டை ஆட்டின் ஹைப்போதலாமஸில் நியூரோபெப்டைடு ஒய் மிகுந்து காணப்படுகிறது, எல்.எச். துடிப்பு தளர்ந்து இருக்கிறது. மழைக்குப் பின் நல்ல மேய்ச்சல் கிடைத்தால் லெப்டினும் இன்சுலினும் ஏறி இந்த நிலை திரும்பிவிடுகிறது. சினைப்பைக்கும் நேரடியாகக் கூடுதல் சர்க்கரையும் இன்சுலினும் போய்ச் சேர்வதால், ஒரே பருவத்தில் ஒன்றுக்கு இரண்டாக முட்டை முதிரும் வாய்ப்பும் கூடுகிறது. இரட்டைக் குட்டிகள் அப்படி வருபவையே.

இதை மழைக்குக் காத்திராமல் நீங்களே செய்யலாம். கிடாயைச் சேர்ப்பதற்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பிருந்து ஒவ்வொரு பெட்டைக்கும் நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் வரை கம்பு, சோளம், கடலைப் புண்ணாக்கு கலந்த அடர்தீவனம் கொடுத்து, சேர்த்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். முதல் நாளே முழு அளவைக் கொட்டிவிடக் கூடாது. தானியம் திடீரென்று மிகுந்தால் வயிற்றில் அமிலம் கூடி ஆடு படுத்துவிடும். சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஏற்கெனவே கொழுத்த ஆட்டுக்கு இதனால் பயன் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மெலிந்த ஆடும் நடுத்தர ஆடும்தான் பலன் காட்டும். குடற்புழு நீக்க மருந்தை முன்னதாகவே கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கொடுத்துவிட்டால், போடும் தீவனம் புழுவுக்குப் போகாமல் ஆட்டுக்குச் சேரும்.

*

கேள்வி: வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும்போது மதியம் ஒரு மணிக்குத் தாங்க முடியாத பசி, மூன்று மணிக்கு ஒன்றும் சாப்பிடாமலேயே அது போய்விடுகிறது. ஏன்?
— வாசகி, மேலூர்

பதில்: நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை உடல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தை ஒட்டி இரைப்பை கிரெலினைச் சுரக்கிறது. உணவு வராவிட்டாலும் சற்று நேரத்தில் அந்த அளவு தானாகவே இறங்கிவிடுகிறது. வாரம் ஒருநாள் விரதம் ஆரோக்கியமானவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது.

*

கேள்வி: என் மகளுக்கு ஏழரை வயது, எடை 38 கிலோ. இப்போதே மார்பு அரும்பத் தொடங்கிவிட்டது. பிராய்லர் கோழி கொடுத்ததால்தான் இப்படி என்று மாமியார் என்னைத் திட்டுகிறார். பக்கத்து வீட்டில், சடங்குக்குச் சீர் சேர்த்து வை என்று கேலி செய்கிறார்கள். நான் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை.
— தாய், வில்லாபுரம்

பதில்: அம்மா, முதலில் கோழியை விட்டுவிடுங்கள். பிராய்லர் கோழி விரைவாக வளர்வதற்குக் காரணம், பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் அதற்குக் கொடுக்கும் தீவனமும். ஊரில் பேசப்படுவதுபோல ஹார்மோன் ஊசி அன்று. கோழியின் வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம் என்பதால், அது இறைச்சியில் இருந்தாலும் வெந்து செரித்துப் போய்விடும். உங்கள் மாமியாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லலாம்.

பூப்பின் தொடக்கமும் மேலே சொன்ன அதே ஜி.என்.ஆர்.எச். துடிப்புதான். குழந்தைப் பருவத்தில் அடக்கி வைக்கப்பட்டிருக்கும் அந்தத் துடிப்பை, காலம் வந்ததும் கிஸ்பெப்டின் எழுப்புகிறது. எப்போது எழுப்புவது என்பதில் பெரும்பங்கு பரம்பரைக்கு உண்டு. நீங்கள் எந்த வயதில் பெரியவளானீர்கள் என்று மருத்துவர் கேட்பது அதற்காகத்தான். உடற்கொழுப்புக்கும் பங்கு உண்டு. எடை மிகுந்த பெண்குழந்தைகள் சற்று முன்னதாகப் பூப்பெய்துவதைப் பல நாடுகளில் பார்க்கிறோம்.

லெப்டின் மிகுந்தால் உடனே பூப்பு வந்துவிடுமா என்றால், அப்படியும் இல்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத இரண்டு குழந்தைகளை 1997இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தார்கள். பாகிஸ்தானைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தின் அந்தக் குழந்தைகள், தீராப் பசியால் மிகவும் பருத்துப்போயிருந்தார்கள். அவர்களுள் மூத்த சிறுமிக்கு 9 வயதில் லெப்டின் ஊசி தொடங்கியபோது பசி அடங்கியது, எடை இறங்கியது, உரிய வயது வந்ததும் பூப்புக்கான துடிப்பும் தொடங்கியது. ஆனால் இன்னும் சிறிய குழந்தைகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் முன்கூட்டியே பருவமடையவில்லை. ஆகவே லெப்டின் தருவது அனுமதி மட்டுமே. நேரம் குறிப்பது அது அன்று. அந்தச் சிறுமி பசியை அடக்க முடியாமல் தவித்ததை அதுவரை பெற்றோரின் வளர்ப்புக் குறையாகவும் சிலர் எண்ணியிருக்கக்கூடும். ஒரு ஹார்மோன் வந்ததும் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. குழந்தையின் பசிக்காகத் தாயைத் திட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்குழந்தைக்கு 8 வயதுக்கு முன்பும், ஆண்குழந்தைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. எனவே இந்த மாதமே குழந்தைகள் நல மருத்துவர் வழியாக ஒரு ஹார்மோன் நிபுணரைப் பாருங்கள். மார்பில் தெரிவது வெறும் கொழுப்பா, உண்மையான வளர்ச்சியா என்று தொட்டுப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார். இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுவார். தேவைப்பட்டால் இரத்தத்தில் எல்.எச். பார்ப்பார். பருவம் உண்மையிலேயே தொடங்கியிருந்தால், மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடும் ஊசியால் அதைத் தள்ளிப்போடலாம். அந்த ஊசியில் இருப்பது ஜி.என்.ஆர்.எச். போன்ற பொருளேதான்: துடிப்பாக வந்தால் எழுப்பும் அது, இடைவிடாமல் இருந்தால் பிட்யூட்டரியை அடக்கிவிடுகிறது. குழந்தையைப் பட்டினி போட வேண்டாம். பாக்கெட் தின்பண்டத்தையும் குளிர்பானத்தையும் வீட்டுக்கே வாங்காமல், மாலையில் ஓடி விளையாட விடுங்கள். வளரும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே உயரம் அதைச் சரிக்கட்டும்.

*

கேள்வி: எனக்கு 30 வயது, 86 கிலோ, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) உண்டு. நான்கு ஆண்டுகளாகக் குழந்தைக்கு ஏங்குகிறோம். எடை குறைக்கும் புது ஊசியைத் தோழி ஒருத்தி போட்டுக்கொண்டு 12 கிலோ குறைத்திருக்கிறாள். நானும் போடலாமா?
— வாசகி, கோ.புதூர்

பதில்: அந்த ஊசிகளில் உள்ள செமாக்ளுடைடு, ஜி.எல்.பி.-1 என்னும் பொருளைப் போன்றது. உணவு வந்ததும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1, மூளைத்தண்டிலும் நியூரோபெப்டைடாகச் சுரக்கிறது. இரண்டு வழியிலும் போதும் என்ற உணர்வைத் தருகிறது. பி.சி.ஓ.டி.யில் எல்.எச். துடிப்பு அளவுக்கு மிஞ்சி வேகமாக இருப்பதாலும், இன்சுலின் சரிவர வேலை செய்யாததாலும் முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே, அதாவது உங்களுக்கு 4 முதல் 9 கிலோ வரை குறைந்தாலே, பலருக்கு முட்டை முதிரத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே மருத்துவர் பரிந்துரைத்தால் போடலாம். ஆனால் கருத்தரிக்க முயன்றுகொண்டே போடக் கூடாது. கருவுக்குப் பாதுகாப்பானது என்று நிறுவப்படாததால், செமாக்ளுடைடை நிறுத்தி இரண்டு மாதமாவது கழிந்த பிறகே முயல வேண்டும். அதுவரை கருத்தடை அவசியம், ஏனெனில் எடை இறங்கியதும் நீங்கள் எதிர்பாராமலே கரு தங்கிவிடலாம். டிர்செபடைடு என்ற மற்றோர் ஊசியைப் போடுபவர்களுக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையக்கூடும் என்பதால், தொடங்கிய முதல் நான்கு வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறை நான்கு வாரமும் ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். மருந்துக் கடையில் நேரே வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். செமாக்ளுடைடை நிறுத்தியவர்கள், குறைத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் திரும்பப் பெற்றதை ஆய்வு காட்டியது. ஊசியின்றி உணவுக்கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களை 2011இல் ஆஸ்திரேலியாவில் பார்த்தபோது, ஓராண்டு கழிந்தும் கிரெலின் கூடியும் லெப்டின் குறைந்தும் இருந்தன. இழந்த கொழுப்பை மீட்கச் சொல்லி ஹைப்போதலாமஸ் அத்தனை காலம் தூண்டிக்கொண்டே இருக்கிறது. எடை திரும்பினால் உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

*

கேள்வி: கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். வயது 34, எடை 98 கிலோ. கல்யாணமாகி ஐந்து வருடமாகக் குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் ஆகிவிட்டது, குறை இல்லை என்கிறார்கள். என்னை யாரும் பரிசோதிக்கச் சொல்லவில்லை. எனக்கு உடல் சோர்வும், ஆர்வக் குறைவும் இருப்பதைச் சொன்னதும், ஜிம்மில் ஒருவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா, மேடம்?
— வாசகர், திருநகர்

பதில்: தம்பி, அந்த ஊசியைப் போட வேண்டாம். கட்டாயம் போட வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். ஆணுக்கும் இதே ஜி.என்.ஆர்.எச். துடிப்புதான். பிட்யூட்டரியிலிருந்து வரும் எல்.எச்., விரைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோனை உண்டாக்குகிறது. விந்தணு உருவாக அந்த உள்ளூர் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து ஊசியாகப் போட்டால், இரத்தத்தில் போதுமான அளவு இருப்பதாகக் கண்டு ஹைப்போதலாமஸ் துடிப்பை நிறுத்திவிடும். எல்.எச். இல்லாமல் விரையின் உற்பத்தி நிற்கும், விந்தணு எண்ணிக்கை சரியும், சிலருக்கு அறவே இல்லாமலும் போகும். குழந்தை வேண்டும் என்று ஏங்கும் ஆணுக்கு அந்த ஊசியைப் பரிந்துரைப்பவர், செய்வது என்னவென்று அறியாமல் பெரிய கெடுதல் செய்கிறார்.

உங்கள் சோர்வுக்கு வேறு காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் ஹைப்போதலாமஸின் துடிப்பை மேலும் அடக்குகிறது. எடை மிகுந்தவர்களிடம் லெப்டின் ஏராளமாக இருந்தும், மூளை அதற்குச் செவிசாய்ப்பது குறைந்துவிடுவதால், கிஸ்பெப்டினும் தளர்கிறது. இதனோடு தூக்கக் குறைவும் சேர்கிறது. 2004இல் அமெரிக்காவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தபோது, லெப்டின் 18 விழுக்காடு குறைந்து, கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அவர்களுக்குப் பசியும் ஏறியது. நள்ளிரவில் தொழிற்சாலை வாசல் கடையில் நீங்கள் இரண்டு பரோட்டாவுக்குப் பதில் நான்கு சாப்பிடுகிறீர்கள் என்றால், அதன் ஒரு பகுதி இதிலிருந்து வருகிறது.

குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. அப்படியிருந்தும் ஐந்து வருடமாக உங்கள் மனைவியை மட்டும் ஊசியும் ஸ்கேனுமாக அலைய விட்டிருப்பது அநியாயம். எல்லாவற்றிலும் எளிய, செலவு குறைந்த பரிசோதனை விந்துப் பரிசோதனைதான், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவு கொள்ளாதிருந்து மாதிரி கொடுங்கள். முடிவு சரியில்லை என்றால், சில வாரம் விட்டு மறுபடியும் ஒருமுறை பாருங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., சர்க்கரை, தைராய்டு அளவுகளையும் பார்த்துவிடுங்கள்; இரவு ஷிப்ட் முடிந்து நேராகப் போய் எடுக்காமல், இரவு தூங்கி எழுந்த ஒரு விடுமுறை நாளில் எடுப்பது நல்லது. குறட்டை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இந்த ஹார்மோன்களைக் குறைக்கும்.

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். ஆகவே இன்று எடையைக் குறைக்கத் தொடங்கினாலும், பகலில் இருட்டறையில் ஏழு மணி நேரம் தூங்கப் பழகினாலும், அதன் பலனை மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில்தான் பார்க்க முடியும். ஜிம் ஊசியை ஏற்கெனவே போட்டிருந்தால், எத்தனை, எப்போது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; நிறுத்திய பிறகு விந்தணு மீளப் பல மாதங்கள் ஆகலாம், அதற்கேற்றபடிதான் அவர் சிகிச்சையைத் திட்டமிட முடியும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, மனைவியுடன் நீங்களும் உள்ளே சென்று, பரிசோதனைச் சீட்டில் உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.